நம்ம குடும்பம் 🏠 குழுவில் எனாக்ஸபாரின் பேச்சு

செந்தில்: அம்மா முட்டி ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சு. ரத்தம் கட்டாம இருக்க இனி தினம் வயித்துல ஒரு ஊசி, எனாக்ஸபாரின் 40 மி.கி. நான்தான் போடணும் 😬

பெரியம்மா: இவன் கை நடுங்குறதைப் பாத்தே எனக்கு பிரஷர் ஏறுது

சித்தப்பா: எனக்கு ஐசியூல ஹெப்பாரின் ஓட்டினப்ப ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா ரத்தம் எடுத்தாங்க. அண்ணிக்கு டெஸ்ட் ஒண்ணும் சொல்லலியா?

கவிதா: அப்பா, உங்களுக்குப் போட்டது முழு நீள ஹெப்பாரின். பெரியம்மாவுக்கு அதையே துண்டாக்கினது. ரெண்டுமே சர்க்கரை மூலக்கூறு கோத்த சங்கிலிதான்

பெரியம்மா: சர்க்கரையா? எனக்கு சுகர் இருக்குடி!!

கவிதா: 😂 சுகர் ஏறாது பெரியம்மா, இது வேற. சங்கிலி முழுக்க சல்பேட், அதனால நெகட்டிவ் சார்ஜ் ரொம்ப நெருக்கம்

கவிதா: ரத்தத்துல ஆன்டித்ராம்பின்னு ஒரு புரதம் இருக்கு. உறையறதைத் தடுக்கும், ஆனா தனியா விட்டா மெதுவாத்தான் செய்யும். சங்கிலில ஒரு குறிப்பிட்ட வரிசைல அஞ்சு சர்க்கரை இருந்தா அதுல ஒட்டிக்கிட்டு பல நூறு மடங்கு வேகமாயிடும். முழு ஹெப்பாரின்லயே மூணுல ஒரு சங்கிலிக்குத்தான் அந்த அஞ்சு இருக்கு

செந்தில்: மிச்சம் ரெண்டு தண்டமா?

கவிதா: கிட்டத்தட்ட 😄 ரத்தத்தை உறைய வைக்கிற புரதங்கள்ல டென்-ஏ ஃபேக்டர், த்ராம்பின்னு ரெண்டு இருக்கு. டென்-ஏவை அடக்க அந்த அஞ்சே போதும். த்ராம்பினை அடக்கணும்னா 18 சர்க்கரை நீளமாவது வேணும், ஒரே கயித்துல ஆன்டித்ராம்பின், த்ராம்பின் ரெண்டு பேரையும் சேத்துக் கட்டணுமே. எனாக்ஸபாரின்ல பெரும்பாலும் அந்த நீளம் கிடையாது, அதனால டென்-ஏ மேலதான் வேலை ஜாஸ்தி

சித்தப்பா: டெஸ்ட் கேட்டேனே

கவிதா: வரேன்பா. அந்த நெகட்டிவ் சார்ஜால நீள சங்கிலி கண்ட புரதத்துலயும் செல்லுலயும் போய் ஒட்டும். அதே டோஸ் ஆளுக்கு ஆள் வேற மாதிரி கேக்கும், அதான் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு ஏபிடிடி டெஸ்ட் பாத்துக்கிட்டே இருந்தாங்க. குட்டை சங்கிலி அப்படி அலையாது, அதான் பெரியம்மாவுக்கு அந்த டெஸ்ட் சொல்லல

செந்தில்: இருக்கிற கட்டியைக் கரைக்குமா?

கவிதா: கரைக்காது. புதுசா வராம, இருக்கிறது பெருசாகாம தடுக்கும்

சித்தப்பா: எதுலருந்து எடுக்கிறாங்க?

கவிதா: பன்னிக் குடல்

பெரியம்மா: பெருமாளே! இன்னைக்கு சனிக்கிழமை!!

கவிதா: ஃபோன்டாபரினுக்ஸ்னு ஒண்ணு இருக்கு, அந்த அஞ்சு சர்க்கரையை மட்டும் லேப்லயே செஞ்சது. ஆனா ரத்தம் கசிஞ்சா புரோட்டமின்கிற முறிவு மருந்து அதை முறிக்காது. முழு ஹெப்பாரினை முறிச்சிடும், எனாக்ஸபாரினை அரைகுறையா. டாக்டர்கிட்ட கேக்காம மாத்தாதீங்க

பெரியம்மா: வேணாம், இதையே போடு. பெருமாளுக்குத் தெரியும்

கவிதா: அண்ணா, குட்டை சங்கிலி கிட்னி வழியாத்தான் வெளியேறும். பெரியம்மாவுக்கு சுகர் வேற. கிட்னி டெஸ்ட்ல கிரியேட்டினின் எவ்வளவு?

செந்தில்: 📷 0.9. டாக்டரும் பாத்துட்டார்

கவிதா: நல்லது. ஊசில இருக்கிற காத்துக் குமிழை வெளியேத்தாதீங்க, போட்ட இடத்தைத் தேய்க்காதீங்க. மலம் கறுப்பாப் போனா உடனே டாக்டருக்கு போன்

பெரியம்மா: கவிதா நீயே வந்து போட்டுட்டுப் போயேன். மோர்க்குழம்பு வெக்கிறேன்