அறைக்குள் உயிர்மண் மிளகாய்: மஞ்சள் இலைக்குக் கரைசல் ஊற்றலாமா?

அறைத்தோட்டம்

வணக்கம். வீட்டுக்குள் எல்இடி விளக்கின் கீழ் 20 லிட்டர் துணிப்பையில் மிளகாய் வளர்க்கிறேன். பையில் இருப்பது உயிர்மண், அதாவது நுண்ணுயிர்களே செடிக்குச் சத்தைத் தயாரித்துத் தரும் மண். கோகோபீட் (தென்னை நார்த்தூள்), மண்புழு உரம், பெர்லைட் (எடை குறைந்த எரிமலைக்கல் துகள்) மூன்றும் சம அளவு. அதோடு வேப்பம் புண்ணாக்கு, எலும்புத் தூள், இரண்டு கை மரச்சாம்பல். மேலே காய்ந்த இலை மூடாக்கு. வாரம் ஒருமுறை வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர். விளக்கு 16 மணி நேரம். தண்ணீர் தினமும்.

இப்போது கீழ் இலைகளில் நரம்பு பச்சையாகவே இருக்க, இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளாகிறது. உச்சியில் வரும் இளம் இலைகள் ஒடுங்கி, ஓரம் கீழ்ப்பக்கமாக மடங்கிக் கவிழ்த்த படகு மாதிரி இருக்கின்றன. பையைத் தொட்டாலே சின்னக் கறுப்பு ஈக்கள் கிளம்புகின்றன. கால்மேக் (கால்சியமும் மக்னீசியமும் கலந்த உரக் கரைசல்) புட்டி ஒன்று கைவசம் உண்டு. ஊற்றினால் உயிர்மண் கெட்டுவிடும் என்று ஒரு தரப்பு, ஊற்றாவிட்டால் செடி போய்விடும் என்று இன்னொரு தரப்பு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உப்புக்கணக்கு

மக்னீசியம் பற்றாக்குறை. கீழ் இலை, நரம்பிடை மஞ்சள், இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. மக்னீசியம் செடிக்குள் இடம் மாறும் சத்து. போதாதபோது கிழட்டு இலையிலிருந்து பிடுங்கிக் குருத்துக்கு அனுப்பிவிடும். எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, விளக்கு எரியாத நேரத்தில் இலையில் தெளியுங்கள்.

உயிர்மண் கெடும் என்ற பயத்தை விடுங்கள். செடி உறிஞ்சுவது அயனியைத்தான். நைட்ரேட் சாணத்திலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்று வேர் ஜாதகம் பார்ப்பதில்லை.

மண்வாசி

வந்துவிட்டார் புட்டிக்காரர்!

அறைத்தோட்டம், அவசரப்படாதீர்கள். உயிர்மண்ணில் நாம் ஊட்டுவது செடிக்கு அல்ல, மண்ணுக்கு. பாக்டீரியாவும் பூஞ்சையும் புண்ணாக்கைச் சிதைக்கின்றன. அந்தப் பாக்டீரியாவைப் புரோட்டோசோவாவும் நூற்புழுக்களும் தின்று, மிஞ்சிய தழைச்சத்தை அம்மோனியமாக வெளியே தள்ளுகின்றன. அது வேர் பக்கத்திலேயே நடக்கிறது, செடி கேட்கிற வேகத்துக்கு நடக்கிறது. இதற்கு நடுவில் உப்புக்கரைசலை ஊற்றினால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். கம்போஸ்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் காற்றூட்டிய கம்போஸ்ட் தேநீர் தயாரித்து ஊற்றுங்கள், கொஞ்சம் சர்க்கரைப்பாகு சேர்த்து. இரண்டு வாரம் பொறுங்கள்.

உப்புக்கணக்கு

"உப்பு நுண்ணுயிரைக் கொல்லும்" என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பிராட்பாக் என்ற கோதுமை வயல் இருக்கிறது. 1843 முதல் அங்கே சில பாத்திகளுக்கு ரசாயன உரம், சிலவற்றுக்குத் தொழுவுரம் என்று இட்டு வருகிறார்கள். ரசாயனப் பாத்தி மண் செத்துப்போகவில்லை. நுண்ணுயிர் இருக்கிறது, கோதுமையும் விளைகிறது.

அப்புறம் அந்தத் தேநீர். சர்க்கரைப்பாகு சேர்த்தால் நல்ல பாக்டீரியா மட்டும் பெருகும் என்று யார் உத்தரவாதம் தந்தது? கம்போஸ்டில் ஈ.கோலை துளி இருந்தாலும் அதுவும் சேர்ந்தே பெருகும். சாப்பிடும் காயில் அதைத் தெளிக்கச் சொல்கிறீர்களா?

மண்வாசி

தெளிக்கச் சொல்லவில்லை, மண்ணில் ஊற்றத்தான் சொன்னேன். சரி, பாகு வேண்டாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிராட்பாக்கைப் பாதி சொல்லி நிறுத்தாதீர்கள். தொழுவுரப் பாத்தியின் அங்ககக் கரிமம், உரமே இடாத பாத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ரசாயனப் பாத்தி அதன் கிட்டேகூட வரவில்லை. நுண்ணுயிரின் மொத்த எடையும் தொழுவுரப் பாத்தியில்தான் அதிகம். "சாகவில்லை" என்பதும் "செழித்தது" என்பதும் ஒன்றா?

நிழல்வலை

ஐயா, கோதுமை வயலை விட்டுவிட்டுத் துணிப்பைக்கு வாங்க. கேட்டவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

கைலென்ஸ்

நிழல்வலை சொன்னதை வழிமொழிகிறேன். கேள்வியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கீழ் இலையில் ஒன்று, உச்சி இலையில் வேறொன்று. இரண்டுக்கும் ஒரே காரணம் என்று யார் சொன்னது? நீங்கள் இருவரும் மஞ்சளைப் பற்றி மட்டும் சண்டை போடுகிறீர்கள். எனக்குப் பயம் தருவது உச்சிதான்.

மக்னீசியம் குறைந்தால் குருத்து கவிழாது. சுண்ணாம்புச் சத்து குறைந்தால் இளம் இலை கோணலாகும், உண்மைதான். ஆனால் அதற்கும் முன்னால் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். மிளகாயில் இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் முரணைச் சிலந்தி (இலைச்சாற்றை உறிஞ்சும் நுண்ணிய சிற்றுண்ணி). எப்போதும் பலிக்கும் விதி அல்ல, ஆனாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். பூச்சி 0.2 மில்லிமீட்டர்தான். வெறும் கண்ணுக்குத் தெரியாது, வலையும் பின்னாது. அதனால்தான் பாதிப் பேர் இதைச் சத்துக் குறைபாடு என்று நினைத்துப் புட்டி மேல் புட்டியாக ஊற்றுகிறார்கள்.

அறைத்தோட்டம், 20 மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று எடுங்கள். விரித்த இலையில் தேடாதீர்கள். இன்னும் விரியாத குருத்தின் அடிப்பக்கம், மொட்டின் காம்பு, இந்த இரண்டு இடம். பூச்சியைவிட முட்டையைக் கண்டுபிடிப்பது சுலபம்: கண்ணாடிபோலத் தெளிவான நீள்வட்டம், அதன்மேல் வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். வேறெந்தப் பூச்சியின் முட்டையோடும் குழப்பிக்கொள்ள முடியாது.

உப்புக்கணக்கு

உச்சி விஷயத்தில் கைலென்ஸ் சொல்வது சரியாக இருக்கலாம். கீழ் இலை பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.

கைலென்ஸ்

கீழ் இலையில் மக்னீசியம்தான் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏன் குறைந்தது? மண்புழு உரத்தில் மக்னீசியம் இல்லாமலா போகும்? கலவையைப் பாருங்கள். கோகோபீட் பிறவியிலேயே சாம்பல் சத்து நிறைந்தது. அதன்மேல் இரண்டு கை மரச்சாம்பல். அதற்கும் மேல் வாராவாரம் வாழைப்பழத் தோல் தண்ணீர். மூன்றும் பொட்டாசியம்! பொட்டாசியம் கூடினால் வேர் மக்னீசியத்தை எடுப்பது குறையும். மண்ணில் இருந்தும் கிடைக்காத நிலை இது. இப்படியிருக்க எப்சம் உப்பை மண்ணில் கொட்டிப் பெரிய பலன் இல்லை. தோல் தண்ணீரை நிறுத்தாமல் இலைத் தெளிப்பு மட்டும் செய்தால், தெளித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மண்வாசி

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்: புதிதாக எதையும் சேர்க்காதே என்று.

உப்புக்கணக்கு

நீங்கள் சொன்னது கம்போஸ்ட் தேநீர். எழுத்து மேலேயே இருக்கிறது.

அறைத்தோட்டம்

லென்ஸில் பார்த்தேன். குருத்தின் அடியில் புள்ளி வைத்த முட்டைகள், கைலென்ஸ் வர்ணித்தது அப்படியே. பக்கத்தில் ஒரு பூச்சி இன்னொன்றை முதுகில் தூக்கிக்கொண்டு நடக்கிறது. தேன் நிறம்.

கைலென்ஸ்

தூக்குவது ஆண், சுமக்கப்படுவது முதிராத பெண். முரணைச் சிலந்தியேதான், இனிச் சந்தேகமில்லை.

நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்), பொட்டலத்தில் போட்ட அளவுக்கு மேல் போகாமல், குருத்தும் இலையடியும் நனையத் தெளியுங்கள். விளக்கு அணைந்த பிறகு, அறை வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது. வேப்ப எண்ணெயோ வேறு எண்ணெயோ தெளித்து இரண்டு வாரம் ஆகியிருக்காவிட்டால் கந்தகத்தைத் தொடாதீர்கள், இலை கருகிவிடும். ஒரு தெளிப்பில் முட்டை போகாது, சில நாள் இடைவெளியில் திரும்பவும் தெளிக்க வேண்டும். அதே அறையில் தக்காளியோ கத்தரியோ இருந்தால் அவற்றின் குருத்தையும் பாருங்கள். வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு செடி விட்டுச் செடி போகிற ஜாதி இது.

மண்வாசி

கந்தகத்துக்கு நான் எதிரி இல்லை, அது இயற்கை வேளாண்மையிலேயே அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் மூடிய அறையில் அதைவிட நல்ல வழி இருக்கிறது. ஆம்ப்ளிசீயஸ் ஸ்விர்ஸ்கி என்ற வேட்டைச் சிலந்தி முரணையையும் தின்னும், இலைப்பேன் குஞ்சையும் தின்னும், வெள்ளை ஈ முட்டையையும் தின்னும். கந்தகம் தெளித்தால் அந்த வேட்டைக்காரனுக்கும் ஆகாது. ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

கைலென்ஸ்

தடுப்புக்கு என்றால் உங்கள் கட்சிதான் நான். குருத்து முறுக்கிக்கொண்ட பிறகு வேட்டைச் சிலந்தியை விட்டால், அது தின்று முடிப்பதற்குள் பூவெல்லாம் உதிர்ந்திருக்கும். முதலில் கந்தகத்தால் எண்ணிக்கையைக் குறைக்கட்டும். இலையில் கந்தகத்தின் எச்சம் போன பிறகு வேட்டைக்காரனை இறக்கலாம்.

நிழல்வலை

ஈக்களை மறந்துவிட்டீர்களே.

மண்வாசி

அது என் வட்டாரம். அந்தக் கறுப்பு ஈ இலையை ஒன்றும் செய்யாது. மண்ணுக்குள் இருக்கும் அதன் புழுதான் மெல்லிய வேரைக் கடிக்கும். உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை ஈர மண்மேல் வைத்து மறுநாள் திருப்பிப் பாருங்கள். கறுப்புத் தலையும் கண்ணாடி உடம்புமாகப் புழுக்கள் ஒட்டியிருந்தால் எண்ணிக்கை அதிகம் என்று அர்த்தம். பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் இஸ்ரேலென்சிஸ் வகைப் பாக்டீரியாவைத் தண்ணீரில் கலந்து ஊற்றலாம். ஸ்டெய்னர்னீமா ஃபெல்டியே நூற்புழுவும் நன்றாக வேலை செய்யும். இரண்டும் மண்புழுவைத் தொடாது.

ஆனால் மூல காரணம் தினசரித் தண்ணீர். மூடாக்குக்குக் கீழே மண் காயவே இல்லை. ஈரம் நிறைந்த மண்ணில் காற்று இருக்காது, காற்று இல்லாமல் அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா வேலை செய்யாது. உயிர்மண் என்று பெயர் வைத்துவிட்டு உயிர் மூச்சு விட வழியில்லாமல் செய்தால் எப்படி? பையைத் தூக்கி எடை பாருங்கள், லேசாகத் தெரிந்தால் மட்டும் தண்ணீர். உயிர்மண்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு, ஒரு முறைக்குப் பையின் கொள்ளளவில் 5 முதல் 10 சதவீதம். உங்கள் பைக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர்.

உப்புக்கணக்கு

தண்ணீர் பற்றி மண்வாசி சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை, ஆச்சரியம்தான். தக்காளி வளர்ப்பவர்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம். வேர் மூழ்கினால் அங்கே எத்திலீனின் மூலப்பொருள் உருவாகி மேலே ஏறும், காற்றுப்பட்டதும் எத்திலீனாக மாறும், இலைக்காம்பு கீழே வளையும். தண்ணீர் போதாமல் வாடுகிறது என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். வாடிய இலை தொட்டால் துவளும். மூழ்கிய செடியின் இலை விறைப்பாக இருந்துகொண்டே தொங்கும்.

எனக்கு உள்ள அடிப்படைச் சந்தேகம் வேறு. 20 லிட்டர் பையில் உயிர்மண் என்பதே நடக்கிற காரியமா? நிலத்தில் ஒரு பக்கம் சத்து குறைந்தால் வேர் நாலு அடி தள்ளிப் போய்த் தேடும். பைக்குள் எங்கே போகும்? வெப்பம் 10 டிகிரி குறைந்தால் புண்ணாக்கு சிதையும் வேகம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். குளிர்ந்த தரையில் பை உட்கார்ந்திருக்கிறது, மேலே விளக்கு செடியை வேகமாக வளரச் சொல்கிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் புட்டி.

மண்வாசி

பை சிறியது என்றால் பெரிய பையாக வைக்கச் சொல்லுங்கள், புட்டியை நீட்டாதீர்கள். 100 லிட்டர் படுக்கையில் நாலு செடி வைத்தால் இந்தத் தள்ளாட்டம் வெகுவாகக் குறையும். ஒரு சாகுபடி முடிந்ததும் தண்டை வெட்டிவிட்டு, வேரை மண்ணிலேயே விட்டு, மேலே கம்போஸ்ட் போட்டு அடுத்ததை நடலாம். பையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் தூக்கி வைத்தாலே குளிர் பிரச்சினை பாதி தீரும்.

இன்னொன்று. மணிச்சத்து மிகுந்த கரைசல் ஊற்ற ஊற்ற, செடி வேர்ப்பூசணத்தோடு (மணிச்சத்தைத் தேடித் தந்து, பதிலுக்குச் செடியிடம் சர்க்கரை வாங்கும் பூஞ்சை) வைத்திருக்கும் உறவைக் குறைத்துக்கொள்ளும். இலவசமாகக் கிடைக்கும்போது பூசணத்துக்கு ஏன் சர்க்கரை தர வேண்டும் என்று. இதை மறுப்பீர்களா?

உப்புக்கணக்கு

மறுக்கவில்லை. ஆனால் எலும்புத் தூளை அள்ளிப் போட்டாலும் மணிச்சத்து சேர்ந்துகொண்டேதானே போகும்? இயற்கை உரத்துக்கு அளவே கிடையாது என்று நினைப்பதுதான் உங்கள் கட்சியின் வியாதி. இந்தப் பையில் மக்னீசியத்தைத் தடுத்தது புட்டி இல்லை. சாம்பலும் பழத்தோலும்.

மண்வாசி

அது அளவின் தப்பு, முறையின் தப்பு அல்ல.

உப்புக்கணக்கு

நானும் முப்பது தடவை அதையேதான் சொல்லியிருக்கிறேன், உப்பைப் பற்றி.

அறைத்தோட்டம்

இப்போதைக்குக் கந்தகம், எடை பார்த்துத் தண்ணீர், தோல் தண்ணீர் நிறுத்தம். கால்மேக் வேண்டாமா? மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகுமா?

கைலென்ஸ்

லேசாக மஞ்சளானது எப்சம் தெளிப்பில் கொஞ்சம் தேறலாம். பழுப்புப் பிடித்தது தேறாது, விட்டுவிடுங்கள். முறுக்கிய குருத்து நிமிரவே நிமிராது. அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று திரும்பத் திரும்பத் தெளிப்பதுதான் பலர் செய்வது. இனிமேல் விரியும் இலை எப்படி இருக்கிறது என்பதே கணக்கு. கால்மேக்கை இப்போது ஊற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும். எப்சமையும் கந்தகத்தையும் ஒரே நாளில் தெளிக்க வேண்டாம்.

உப்புக்கணக்கு

எதை ஊற்றுவதற்கும் முன்னால் ஒரு அளவு எடுங்கள். மண் ஒரு பங்கு, காய்ச்சி வடித்த நீர் இரண்டு பங்கு, கலக்கி அரை மணி நேரம் விட்டு, துணியில் வடித்து ஈசி மீட்டரில் (கரைந்த உப்பை மின்கடத்தலால் அளக்கும் கருவி) பாருங்கள். 0.75 முதல் 1.25 மில்லிசீமென்ஸ்/செ.மீ வரை சாதாரணம். 1.75-ஐத் தாண்டினால் உப்பு ஏறிவிட்டது என்று பொருள், உயிர்மண்ணாக இருந்தாலும். அமில-கார அளவான பிஎச்சையும் அதே நீரில் பாருங்கள். சாம்பல் அதை ஏற்றியிருக்கும், 7-ஐத் தாண்டியிருந்தால் எனக்கு வியப்பில்லை.

மண்வாசி

எண் வந்ததும் இங்கே போடுங்கள். 1.75-க்கு மேல் என்றால் புட்டிப் பேச்சை அவர் நிறுத்த வேண்டும். 0.75-க்குக் கீழே என்றால் என்ன ஊற்றுவது என்று திரும்பவும் மோதிக்கொள்கிறோம்.