வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு எந்தச் சீவுளி?

கடலோரப்பலகை:
வணக்கம். வெள்ளவத்தையில் மரைன் டிரைவுக்குப் பக்கத்து ஒழுங்கை, மூன்றாம் மாடி. மின்சீவுளி ஓட்டினால் கீழ்வீட்டு ஆன்டி படியேறி வந்துவிடுவார், அதனால் கைச்சீவுளிதான் வழி. பழைய வீட்டுக் கதவிலிருந்து கழற்றிய முதிரைப் பலகை நான்கு கிடக்கிறது, ஒரு சின்ன மேசை செய்ய ஆசை. புதிதாக ஒரு மலிவு இரும்புச் சீவுளி வாங்கிப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஓட்டினேன். ஒரு சாண் கண்ணாடி மாதிரி வந்தது, அடுத்த சாணில் நார் பிய்ந்து குழி. பலகையைத் திருப்பிப் போட்டால் குழி மற்றப் பக்கம் போகிறது, அவ்வளவுதான். இரண்டு கிழமை மேசைமேல் விட்டேன், அடிப்பக்கம் முழுக்கக் கறள் வேறு. இதை எறிந்துவிட்டு மொரட்டுவைப் பக்கம் யாராவது தச்சு பாஸ் விற்கிற, இங்கிலாந்து ஷெஃபீல்டில் செய்த பழைய சீவுளி ஒன்று தேடட்டுமா?

பழையஇரும்பு:
தேடுங்கள் தம்பி, யோசிக்கவே வேண்டாம். இரும்புச் சீவுளியின் அமைப்பை உருவாக்கிய லெனார்ட் பெய்லியின் காப்புரிமைகளை அமெரிக்க ஸ்டான்லி கம்பெனி 1869இல் வாங்கியது, ரெக்கார்ட் கம்பெனி 1931இல் ஷெஃபீல்டில் அதே அமைப்பை வார்க்கத் தொடங்கியது. அந்தக் காலத்து வார்ப்பு வேறு. 4ஆம் இலக்கம் போதும், 2 அங்குல அலகு, மேசைப் பலகைக்கு அளவானது. வாங்கும்போது அடியில் அலகு வெளியே வருகிற வாயைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள், அலகின் தட்டையான பக்கத்தில் நுனியை ஒட்டிக் கறள் குழி இருந்தால் விலை கேட்காமலே திரும்பி வாருங்கள். ஆணி ஒன்றையும் தொலைக்காதீர்கள், ஸ்டான்லியின் புரி நம் கடை ஆணிகளோடு பொருந்தாது.

கண்ணாடித்தட்டு:
அண்ணா, பழைய இரும்புக்குக் கோயில் கட்டாத குறைதான். பெய்லியின் அமைப்பைத்தான் இவர் வாங்கிய மலிவுச் சீவுளியும் பின்பற்றுகிறது. அலகு அதே 45 பாகையில் படுத்திருக்கிறது, மரத்துக்கு அது 1935இல் வார்த்ததா போன மாதம் வார்த்ததா என்று தெரியாது. இவருடைய பிரச்சினை தீட்டாத அலகு. பெட்டியில் வருகிற அலகு பெரும்பாலும் தேய்சக்கரத்தில் ஒரு இழுப்பு இழுத்ததுதான், அதை அப்படியே ஓட்டினால் முதிரை கேட்குமா? முதல் வேலை, தட்டைப் பக்கத்தின் நுனியைச் சாணைக்கல்லில் பளபளப்பாக்குவது. பிறகு சாய்வை 25 பாகையில் எடுத்து நுனியை மட்டும் 30இல் தீட்டுங்கள். நுனி முழு அகலத்துக்கும் மெல்லிய பிசிர் விரலில் தட்டுப்பட்டால்தான் அடுத்த கல். சோதிக்கக் கை மயிரை மழிக்க வேண்டாம், லுணுமிதெல்ல மாதிரி மென்மரத் துண்டின் தலைப்பக்கத்தை, அதாவது நாரைக் குறுக்காக அறுத்த முனையைச் சீவுங்கள். கூர் இருந்தால் அந்த வெட்டு மினுங்கும், இல்லாவிட்டால் வெளிறி நொறுங்கும்.

இன்னொன்று, கழற்றிய கதவென்றால் உடைந்த ஆணி உள்ளே இருக்கும். காந்தம் ஒன்றைப் பலகைமேல் ஓட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

மரச்சீவுளி:
இரண்டு பேரும் இரும்பை விட்டு இறங்குகிறீர்களில்லை. என் தகப்பனார் கொட்டாஞ்சேனையில் நாற்பது வருடம் தச்சு வேலை செய்தவர். மரச்சீவுளிதான், பக்கத்தில் சின்னச் சுத்தியல். அலகு இறங்க அதன் தலையில் ஒரு தட்டு, ஏறப் பின்பக்கக் கட்டையில் ஒரு தட்டு. கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவருக்குக் கறள் பிடிக்கிற உடம்பை ஏன் விற்கிறீர்கள்? மரத்தில் அலகுக்கு மட்டும்தான் கறள். அடி வளைந்தால் இன்னொரு சீவுளியால் இரண்டு இழுப்பு, நேராகிவிடும்.

பழையஇரும்பு:
ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், மழைக்காலத்தில் அலகைப் பிடிக்கிற ஆப்பு ஊதி இறுகிக்கொள்ளுமே, அப்போது தகப்பனார் என்ன செய்தார்?

மரச்சீவுளி:
திட்டுவார். பிறகு ஆப்பை ஒரு சீவல் சீவிப் போடுவார். அதற்கு மூன்று நிமிடம் போகும். உங்கள் இரும்பை எமரி பேப்பரில் தேய்க்கிற நாளில் எத்தனை மூன்று நிமிடம் இருக்கிறது என்று கணக்குப் பாருங்கள்.

பழையஇரும்பு:
அது நியாயமான அடிதான். நான் ஒரு சீவுளியின் அடியை மட்டமாக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை கொடுத்திருக்கிறேன். தடித்த கண்ணாடித் துண்டில் 80ஆம் இலக்க எமரி ஒட்டி, அலகைப் பூட்டி உள்ளே இழுத்து வைத்துத் தேய்க்க வேண்டும். கழற்றிவிட்டுத் தேய்த்தால் பூட்டிய பிறகு இறுக்கத்தில் அடி வேறு மாதிரி நிற்கும். முழுக்கப் பளபளக்க வேண்டாம். மூக்கு, வாய்க்கு முன்னால், வால், இந்த மூன்றும் ஒரே மட்டத்தில் தொட்டால் நிறுத்திவிடலாம். நான் நிறுத்தவில்லை, அதுதான் இரண்டாவது ஞாயிறு.

கடலோரப்பலகை:
தீட்டினேன். தலைப்பக்கம் மினுங்குகிறது. பலகையில் இன்னும் பிய்கிறது! முன்பை விடக் குறைவு, ஆனால் நடுவில் நார் மாறி மாறி ஓடுகிற பட்டையில் அதே குழி. ஒரு சீவல் அரை அடி வரைக்கும் சுருண்டு வந்து அங்கே நொறுங்கி விழுகிறது.

கண்ணாடித்தட்டு:
முதிரை, மகோகனி இரண்டிலும் நார் பட்டை பட்டையாக எதிரெதிராக ஓடும், ஆகவே எந்தப் பக்கம் சீவினாலும் எதிர்வாட்டம் உண்டு. அலகின் தட்டைப் பக்கத்தில் 15 பாகைக்குச் சின்னதாக ஒரு சாய்வு எடுங்கள். 45 பாகை 60 ஆகிவிடும், பிய்வது அடங்கும்.

பழையஇரும்பு:
தம்பி கேட்காதீர்கள்! அதன்பின் அந்த அலகைத் தேக்கில் ஓட்டினால் தள்ளித் தள்ளித் தோள் போகும், பழைய நிலைக்குக் கொண்டுவர அலகையும் தேய்க்க வேண்டும். அலகோடு சேர்த்துப் பூட்டுகிற மேல்தகடு எதற்கு இருக்கிறது? அதன் நுனியை அலகின் நுனியோடு ஒட்ட வையுங்கள். மெல்லிய சீவலுக்கு 0.1, 0.2 மில்லிமீட்டர்தான் இடைவெளி. சீவல் எழுந்து நாரைப் பிளக்கும் முன்பே தகடு அதை மடக்கிவிடும். ஜப்பானின் யமகாட்டா பல்கலைக்கழகத்தில் காவாய், காட்டோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பெரிதாக்கிப் படம் பிடித்தே காட்டியிருக்கிறார்கள். தகட்டின் நுனி அலகில் ஒளி புகாமல் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் சீவல் அந்த இடுக்கில் சிக்கிக்கொள்ளும்.

கண்ணாடித்தட்டு:
படம் பார்த்திருக்கிறேன், மறுக்கவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர் கண்ணால் 0.1 பிடிப்பாரா என்பதுதான் கேள்வி. சாய்வு எடுப்பது ஐந்து நிமிடம், பிழைக்க இடமில்லை. இரண்டாவது அலகு ஒன்று வாங்கி அதில் எடுக்கட்டுமே.

மரச்சீவுளி:
அளவுகோலால் 0.1 பிடிக்க முடியாது, உண்மை. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள் மகன், அலகின் நுனியில் முடி அளவுக் கோடு ஒன்று மினுங்கும், அந்தக் கோடு மறையப் போகிற இடம்தான். இந்த விஷயத்தில் பழையஇரும்பு சொல்வதுதான் சரி, அவர் சரியாகச் சொன்னது எனக்குப் பிடிக்காவிட்டாலும்.

கறளுக்குத் தேங்காய் எண்ணெய் பூசுங்கள்.

கண்ணாடித்தட்டு:
ஐயா அது வேண்டாம். தூசி சேர்ந்து பிசுபிசுவென்று பசை மாதிரி ஆகிவிடும், கொஞ்ச நாளில் சிக்கு வாசமும் அடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் துணியில் நாலு சொட்டு, வேலை முடிந்ததும் ஒரு துடைப்பு, சீவுவதற்கு முன் அடியில் மெழுகுதிரியால் இரண்டு கோடு. கடற்பக்க யன்னலோரத்தில் வைக்காமல் மூடிய பெட்டியில் வையுங்கள். பிடித்துவிட்ட கறளுக்கு எமரியும் எண்ணெயும் போதும். வினாகிரியில் இரவு முழுக்க ஊறப்போடச் சொல்கிறவர்களை நம்பி நான் போட்டேன், இரும்பு கறுத்து அரித்துப் போயிருந்தது.

மரச்சீவுளி:
எங்கள் வீட்டில் சிக்கு வாசம் அடித்ததில்லை. சீவுளி ஒருநாளும் சும்மா கிடக்கவில்லை, அதனாலாக இருக்கும்.

கடலோரப்பலகை:
மூன்று மாலை போனது. மேல்தகட்டின் நுனியைக் கல்லில் தேய்த்து இடுக்கில்லாமல் செய்தேன், வெளிச்சத்தில் அந்தக் கோடு மறையும் வரைக்கும் நகர்த்தினேன், நான்காவது தடவை சரியாக வந்தது. அதே மலிவுச் சீவுளி. மாறி ஓடுகிற பட்டைமேல் போகும்போது கை கொஞ்சம் கனத்தது, பிய்யவில்லை. சீவல் சுருளாமல் நேராக மேலே எழுந்து நின்றது, அதன் ஊடாக விரல் ரேகை தெரிந்தது. எண்ணெய், மெழுகுதிரி இரண்டும் வாங்கிவிட்டேன். பாவித்தது தேடுவதை இப்போதைக்கு விடுகிறேன்.

ஒரு பலகைதான் முடிந்திருக்கிறது. இரண்டாவதில் காந்தம் ஓட்ட மறந்துவிட்டேன், ஆணி இருந்தது, அலகின் நுனி பொரிந்து பல் விழுந்துவிட்டது. திரும்ப 25 பாகையிலிருந்தா தொடங்க வேண்டும்?

கண்ணாடித்தட்டு:
ஆமாம். பல் மறையும் வரைக்கும்.