நொய்யல் என்ற பெயர் எப்படி வந்தது? ஆதாரம் தேவை

வணக்கம். பேரூர்ப் பக்கம் ஒரு பள்ளிச் சுவரில் நொய்யல் ஆற்றின் வரைபடம் தீட்டுகிறோம். வெள்ளியங்கிரிக் காட்டில் பிறந்து, கோவை, திருப்பூர் கடந்து, கரூர் மாவட்டத்து நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் கலப்பது வரை முடிந்துவிட்டது. பெயர்க்காரணத்துக்கு விட்ட கட்டம் மட்டும் 2 மாதமாக வெறுமையாக நிற்கிறது.

பேரூர்ப் புராணத்தைப் புரட்டினேன். அங்கே இது காஞ்சிமாநதி. கலக்குமிடத்து ஊரின் பெயரே ஆற்றுக்கு வந்தது என்கிறார்கள் சிலர். படித்துறையில் ஒரு பெரியவர் ஈர மணலை உள்ளங்கையில் தேய்த்துக் காட்டி, "அரிசி நொய் போல இருக்கிறது பாருங்கள், அதனால்தான்" என்றார். கேட்க அருமையாக இருந்தது. ஆனாலும் பிள்ளைகள் தினமும் படிக்கும் சுவரில் ஆதாரமில்லாமல் எழுத மனம் வரவில்லை.

நொய்யல் என்ற பெயர் வரும் பழைய கல்வெட்டோ செப்பேடோ எந்த ஊரில் இருக்கிறது?