இறுதிப் பரீட்சையும் இரண்டு சிறு பிள்ளைகளும்: இந்த முறை எழுதுவதா, அடுத்த முறைக்கு விடுவதா?

வட்டக்கச்சி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் இறுதியாண்டு மாணவி. உயர்தரப் பரீட்சையில் மூன்றாம் தடவையிலேயே பீடத்துக்குத் தெரிவானேன். பின்னர் கொரோனாக் காலமும் 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாடும் எங்கள் பற்ச்சின் பரீட்சைகளைப் பின்தள்ளிக்கொண்டே போயின. அதற்கிடையில் திருமணமாகி, இப்போது மூத்த மகளுக்கு மூன்றரை வயதும் இளைய மகனுக்கு எட்டு மாதமும் ஆகின்றன. கணவர் மல்லாவிப் பக்கத்தில் ஆசிரியராக இருக்கிறார். பகலில் பிள்ளைகளை வைத்திருப்பவர் என் மாமி.

மகன் பிறந்த பிறகு விடுதியை விட்டுவிட்டேன். விடிய நான்கே முக்காலுக்குக் கணவர் மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்து விடுவார். அங்கிருந்து ஏறத்தாழ 65 கிலோமீற்றர் பஸ்ஸில் சென்று, வாட் வேலையும் வகுப்பும் முடித்து, வீட்டுப் படலையைத் திறக்கும்போது இரவு ஏழு மணியாகிவிடும். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துப் படுக்கவைத்த பிறகே புத்தகத்தைத் திறக்க முடிகிறது. சென்ற கிழமை இரவு பாயில் குப்புறப் படுத்தபடி சிறுவர்களின் சிறுநீரக நோய்களைப் படித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உறங்கிப்போனேன். கண் விழித்தபோது, மகள் என் மஞ்சள் நிறப் பேனாவால் அந்தப் பக்கத்தில் ஒரு வரி விடாமல் கோடு போட்டு முடித்திருந்தாள். பக்கம் முழுவதும் மஞ்சளாக இருந்தது. அதில் ஒரு வரிகூட என் நினைவில் இருக்கவில்லை.

பரீட்சைக்கு இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. அது பெரும்போக நெல் அறுவடை, அதாவது அருவி வெட்டு நேரத்தில் வருவதால், அப்போது மாமிக்கும் ஓய்வு இருக்காது. இந்த அமர்விலேயே எழுதுவதா, மகனுக்கு ஒரு வயது கடந்த பிறகு அடுத்த அமர்வில் எழுதுவதா என்று முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறேன். இந்த வழியால் வந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

முல்லைக்கடல் எழுதியது:

அன்புத் தங்கைக்கு, நான் இப்போது முல்லைத்தீவு மாவட்டத்தில் பணியாற்றும் வைத்தியர். என் இறுதிப் பரீட்சையின்போது மகளுக்கு ஏழு மாதம். ஆகவே உங்கள் கடிதத்தை ஒரே மூச்சில் வாசித்தேன்.

என் கருத்து, இந்த அமர்விலேயே எழுதுங்கள் என்பதுதான். இரண்டாம் தடவையில் சித்தியடைபவர்களுக்கு வகுப்புச் சித்தி கிடைப்பதில்லை என்பதும், சித்தியடைந்த பின் ஆஸ்பத்திரியில் செய்யும் உள்ளகப் பயிற்சிக்கான தகுதி வரிசையில் அவர்கள் பின்னால் நிற்க வேண்டியிருக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வருவது அதையல்ல. இறுதிப் பரீட்சை முடிந்தவுடன் நம் நாட்டில் யாருக்கும் உள்ளகப் பயிற்சி தொடங்கிவிடுவதில்லை. நியமனம் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு உங்களுக்கு எப்படியும் வரப்போகிறது. பிள்ளைகளுக்கென்று முழு மனத்தோடு கொடுக்கக்கூடிய காலம் அதுதான். இப்போது பரீட்சையைத் தள்ளி வைத்துப் பெறும் மாதங்கள், படிப்பும் பிள்ளையும் இரண்டு பக்கமும் இழுக்கும் மாதங்களாகவே கழியும். அதன் பிறகு வருவது இரண்டு பிரிவுகளில் ஆறு ஆறு மாதமாக ஓராண்டுப் பயிற்சி. அந்த ஆண்டில் இரவும் பகலும் நம் கையில் இல்லை. அதற்கு முன் பிள்ளைகளோடு இருந்துவிட்டுப் போவது தாய்க்கும் நல்லது, பிள்ளைகளுக்கும் நல்லது.

ஆனால் இப்போது போகும் விதத்தில் போய் எழுத முடியாது. உங்கள் நாளைத் தின்பவர்கள் பிள்ளைகள் அல்லர்; யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதிதான். வட்டக்கச்சியிலிருந்து போய்வர நான்கு மணித்தியாலத்துக்கு மேல் செலவாகிறது. பஸ்ஸில் படிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். நானும் பரந்தன் தாண்டியதும் குறிப்பைத் திறப்பேன். ஆனையிறவில் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும்போது கண் சொருகிவிடும். மறுபடி விழிப்பது கொடிகாமத்தில். இரண்டு மாதம் அப்படி ஓடிப் பார்த்துவிட்டு, கடைசி மூன்று மாதங்களுக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஓர் அறையும் குசினியும் வாடகைக்கு எடுத்து, அம்மாவையும் மகளையும் அங்கே கொண்டுவந்து வைத்தேன். கையிலிருந்த ஒரு சோடி காப்பு அந்த வாடகைக்குப் போனது. இன்றுவரை அதற்காக நான் வருந்தியதில்லை. ஐந்து மணிக்கு வாட்டிலிருந்து வந்து, எட்டு மணிவரை மகளோடு இருந்து, அவள் உறங்கிய பின் பதினொரு மணிவரை படித்து, ஆறு மணித்தியாலம் உறங்க முடிந்தது. உறக்கத்தைக் குறைத்துப் படிக்காதீர்கள். படித்தது மனத்தில் பதிவதே உறக்கத்தில்தான் என்பதை நாமே உடற்றொழிலியலில் படித்திருக்கிறோம்.

படிக்கும் முறையையும் மாற்றிக்கொள்ளுங்கள். வாசித்ததையே மீண்டும் வாசிப்பவர்களையும், வாசித்தபின் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பவர்களையும் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் ஒப்பிட்டு 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நன்கு அறியப்பட்டது. ஐந்து நிமிடங்களுக்குப் பின் கேட்டபோது மீண்டும் வாசித்தவர்கள் முன்னே நின்றார்கள். ஒரு கிழமைக்குப் பின் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களே முன்னே நின்றார்கள். தாய்மாருக்கு இது பெரிய வரம். ஏனெனில் நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பதற்குப் புத்தகமும் மேசையும் வேண்டியதில்லை. துணி தோய்க்கும்போது மஞ்சட்காமாலையின் காரணங்களை வாய்விட்டுச் சொல்லலாம். பிறகு போய்ப் பார்த்து, விட்டதை மட்டும் படிக்கலாம். ஒரு நோயாளியை முழுமையாக விசாரித்துப் பரிசோதித்து விளக்கும் லோங் கேஸ் பரீட்சையின் பயிற்சிக்காக நானும் விடுதியில் இருந்த என் தோழியும் ஒவ்வொரு இரவும் பத்து மணிக்குத் தொலைபேசியில் பேசுவோம். அவள் ஒரு நோயாளியின் வரலாற்றைச் சொல்வாள். நான் காரணங்களை வரிசைப்படுத்தி, செய்ய வேண்டிய பரிசோதனைகளைச் சொல்வேன். இருபது நிமிடங்கள்தான், பரீட்சையில் என்னைத் தாங்கிப் பிடித்தது அதுதான்.

உங்கள் மகனையே பாருங்கள். எட்டு மாதத்துப் பிள்ளைக்கு முன்னால் பாயில் ஒரு பொரியை வையுங்கள். உள்ளங்கை முழுவதாலும் வாரி எடுக்கப் பார்ப்பான். ஒன்பது, பத்து மாதமளவில் பெருவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும் சேர்ந்து அதே பொரியைப் பக்குவமாகக் கிள்ளி எடுக்கும். குழந்தை மருத்துவத்தில் வளர்ச்சிப் படிகள் பற்றிய கேள்வி வந்தபோது நான் புத்தகத்தை நினைக்கவில்லை. மகளின் விரல்களைத்தான் நினைத்தேன்.

ஒரு விடயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று மணித்தியால வினாத்தாளின் நடுவில் எனக்குப் பால் கட்டி, மேலங்கியும் நனைந்துவிட்டது. வலியில் கடைசிக் கேள்வியைச் சரியாக எழுத முடியவில்லை. மண்டபத்துக்குள் போகும் முன் பாலைப் பிழிந்து எடுத்துவிடுங்கள். மாற்று உடுப்பும் கொண்டு செல்லுங்கள்.

பாலைநிழல் எழுதியது:

முல்லைக்கடல் எழுதியவற்றில் பெரும்பாலானவை சரி. ஆயினும் எல்லோருக்கும் 'எழுதுங்கள்' என்ற பதில் பொருந்தாது. நான் குழந்தை பிறந்து ஐந்தாம் மாதத்தில் பிடிவாதமாக எழுதி, மகப்பேற்றியலிலும் மருத்துவத்திலும் தவறி, மீண்டும் எழுதிச் சித்தியடைந்தவள். படிக்க நேரம் போதாததால் தவறியதாகத்தான் அப்போது நினைத்தேன். உண்மையில் குழந்தை உறங்கும்போதும் எனக்கு உறக்கம் வரவில்லை. காரணமின்றி அழுகை வந்தது. குழந்தையைத் தூக்கும்போதும் மனத்தில் ஒன்றும் அசையவில்லை. மகப்பேற்றுக்குப் பின்னான மனச்சோர்வுக்குரிய எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகளையும் உளமருத்துவப் பாடத்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்த நான், அவற்றை ஒரு தடவைகூட என்னிடம் கேட்டுப் பார்க்கவில்லை. அந்நாட்களில் ஒருவர் என்னிடம், பிள்ளை வளர்ப்பதா படிப்பதா என்று ஒன்றை முடிவெடுக்கச் சொன்னார். அந்தச் சொல் என்னை இன்னும் வாய்மூட வைத்தது.

தங்கச்சி, இன்றிரவு அந்தப் பத்துக் கேள்விகளுக்கும் நேர்மையாகப் பதில் எழுதிப் பாருங்கள். இது களைப்பு மட்டும்தான் என்றால் முல்லைக்கடல் சொன்னபடி செய்யுங்கள். அதற்கு மேலே ஏதாவது இருந்தால் நேர அட்டவணை போடுவதை விட்டுவிட்டு முதலில் உளமருத்துவரைப் பாருங்கள். பரீட்சையைத் தள்ள வேண்டி வந்தாலும், மருத்துவச் சான்றிதழை உரிய நேரத்தில் கொடுத்து, பீடத்தின் ஒப்புதலை எழுத்தில் பெற்றுத் தள்ளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் வராமல் விடுவதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

மாங்குளம் எழுதியது:

நான் வைத்தியர் அல்லன்; வைத்தியரின் கணவன். இதைச் சகோதரியின் கணவரும் வாசிப்பார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

மனைவி படித்த காலத்தில் நான் நிறைய உதவி செய்கிறேன் என்றுதான் எண்ணியிருந்தேன். அவர் கேட்டால் பிள்ளையைத் தூக்குவேன், கேட்டால் கடைக்குப் போவேன். கேட்பதே அவருக்கு ஒரு வேலையாக இருந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒருநாள் அவர் ஒரு கொப்பித்தாளில் 'மாலை ஐந்து முதல் எட்டு வரை பிள்ளை உங்களுடையது; வீடு எரிந்தால் மட்டும் என்னைக் கூப்பிடுங்கள்' என்று எழுதி, நெல் மூட்டைக்கு மேலே சுவரில் ஒட்டினார். முதல் மூன்று நாட்களும் பிள்ளை கதவடியில் நின்று அழுதது. நான் சைக்கிளில் ஏற்றிக் குளக்கட்டுக்குக் கொண்டுபோய் நாரைகளைக் காட்டினேன். நான்காம் நாள் ஐந்து மணிக்கு அதுவே என் சட்டையைப் பிடித்து இழுத்தது.

அருவி வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது வெட்டுவது இயந்திரம் என்றாலும், வருபவர்களுக்குச் சமைப்பதும் நெல் காயவிடுவதும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகின்றன. அந்தப் பத்துப் பதினைந்து நாட்களுக்கு அயலில் ஒருவருக்குக் கூலி கொடுத்துச் சமையலை ஒப்படையுங்கள். உங்கள் மாமி வயலுக்கும் வேண்டும், பேரப்பிள்ளைக்கும் வேண்டும் என்று இருந்தால் கடைசியில் அவர்தான் படுக்கையில் விழுவார்.

வட்டக்கச்சி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பாலைநிழல் அக்கா, நீங்கள் சொன்ன கேள்விகளுக்கு நேற்றிரவே பதில் எழுதிப் பார்த்தேன். எனக்கு இருப்பது களைப்புத்தான். படுத்தால் உறங்கிவிடுகிறேன், மகன் சிரித்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது. கணவர் இந்த இழையை முழுவதும் வாசித்துவிட்டு, மாமியிடம் தானே பேசினார். மாமி சின்னவனோடு பீடத்துக்கு அருகிலுள்ள கொக்குவிலுக்கு வரச் சம்மதித்துவிட்டார். மூத்தவள் முன்பள்ளிக்குப் போவதால் தகப்பனோடு வட்டக்கச்சியில் இருப்பாள். வெள்ளி இரவு அவர்கள் கொக்குவிலுக்கு வருவார்கள். அருவி வெட்டுச் சமையலுக்குப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லியாயிற்று.

ஒரு சிக்கல் இருக்கிறது. நாங்கள் பார்த்த அறையில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. காலை ஆறரைக்குப் போனால் மாலை ஐந்துக்குத்தான் வருவேன். அதுவரை மகனுக்குப் பால் எப்படி?

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் எழுதியது:

மகளே, முப்பது வருடம் தாய் சேய் பராமரிப்புக்காக வன்னியில் வீடு வீடாகச் சைக்கிளில் திரிந்தவள் நான். இதற்கு வழி இருக்கிறது.

பிழிந்தெடுத்த பால் 25 பாகை செல்சியசுக்கு உட்பட்ட வெப்பநிலையில் 4 மணித்தியாலம்வரை இருக்கும். எங்கள் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். மூடி இறுகிய ஒரு குளிர்காப்புப் பெட்டியும், உறைய வைத்த நான்கைந்து ஐஸ் பொதிகளும் வாங்குங்கள். அந்தப் பொதிகளோடு பால் 24 மணித்தியாலம்வரை பழுதாகாது. வீட்டுக்காரர் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருக்கும். ஐஸ் பொதிகளை இரவில் அதில் உறைய வைக்கக் கேளுங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள். மாமி பாலை அடுப்பில் காய்ச்சக்கூடாது. சுடுநீர்க் கிண்ணத்துக்குள் வைத்துச் சூடாக்கி, போத்தல் இல்லாமல் சிறு கோப்பையால் பருக்கட்டும். பிள்ளை குடித்து மிஞ்சியதைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம்.

எட்டு மாதமாதலால் பகல் முழுவதும் பால் மட்டும் தேவையில்லை. இரண்டு மூன்று வேளை மசித்த சோறு, பருப்பு, கீரை, முட்டை மஞ்சட்கரு, முள் நீக்கிய மீன் என்று மாமி கொடுக்கலாம். காலையில் புறப்படும் முன்பும், வந்த உடனேயும், இரவிலும் நீங்களே பால் கொடுங்கள். பகலில் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது ஒரு தடவையாவது பிழியாமல் விடாதீர்கள். விட்டால் மார்பு கட்டிக் காய்ச்சல் வரும். ஒன்பதாம் மாதத்தில் சின்னவனுக்குச் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கு எதிரான எம்எம்ஆர் ஊசி இருக்கிறது. அதற்காக வட்டக்கச்சிக்கு ஓடிவர வேண்டாம். வளர்ச்சிப் பதிவேட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போனால் கொக்குவிலுக்குப் பக்கத்துக் கிளினிக்கிலேயே போடுவார்கள். அங்குள்ள குடும்பநல உத்தியோகத்தரிடம் குடிவந்த கிழமையே உங்கள் பெயரைப் பதிந்துவிடுங்கள்.