சிக்னல் இல்லாத காட்டில் கேஷ் தேடியபோது: ஆஃப்லைன் வழி அனுபவங்கள்

சாக்சன் சுவிட்சர்லாந்துப் பக்கம் கேஷ் (ஜியோகேஷிங் விளையாட்டில் ஜிபிஎஸ் ஆயத்தொலைவை வைத்துத் தேடும், பெரும்பாலும் ஒளித்து வைத்த பெட்டி) தேடக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெயரில் சுவிட்சர்லாந்து இருந்தாலும் இடம் ஜெர்மனியின் கிழக்கு ஓரம்தான். ட்ரெஸ்டனில் எஸ்1 ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் பாட் ஷாண்டாவ் வந்துவிடும். போன அக்டோபரில் நானும் மனைவியும் அங்கிருந்து ஷ்ராம்ஷ்டைன் பாறைகளுக்கு நடந்தோம். மேலே ஓர் எர்த்கேஷ் இருந்தது. அதில் பெட்டி எதுவும் இருக்காது. மணற்கல் பாறையைக் கவனித்துச் சில கேள்விகளுக்கு விடை அனுப்ப வேண்டும்.

நான் பயன்படுத்துவது ஆண்ட்ராய்டில் சி:ஜியோ என்ற கேஷ் தேடும் செயலி. முந்தின நாள் இரவே சாக்சனி மாநில வரைபடத்தை இறக்கி, ஏழெட்டு கேஷ்களைச் சேமித்துவிட்டேன். வேலை முடிந்தது என்றே நினைத்தேன். காட்டுக்குள் போய் அரை மணி நேரத்தில் சிக்னல் போனது. வரைபடம் தெரிந்தது, கேஷ் குறிகளும் தெரிந்தன. ஆனால் நாங்கள் நின்ற இடத்திலிருந்து கேஷ் வரை ஒரு நேர்க்கோடு மட்டும். தூரம் 280 மீட்டர்.

280 மீட்டர்தானே என்று அந்தக் கோட்டின் திசையில் தெரிந்த ஒரு ஒற்றையடித் தடத்தில் ஏறினோம். இருபது நிமிடத்தில் முன்னால் செங்குத்துப் பாறை. கேஷ் அதன் தலைமேல். வந்த வழியே இறங்கி, மரங்களில் இருந்த வழிக்குறிகளைப் பார்த்துச் சுற்றிப் போய், படிகளும் இரும்பு ஏணிகளும் ஏறி உச்சியை அடைய ஒன்றேகால் மணி நேரம் ஆனது. நேரம் போனதைவிட மனதை உறுத்தியது வேறு. தேசியப் பூங்காவின் மையப் பகுதியில் குறியிட்ட பாதைகளை விட்டு விலகக் கூடாது. நாங்கள் விலகிவிட்டோம். நம் பொழுதுபோக்குக்காக அந்த இடம் மிதிபடக் கூடாது, அதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் விட்ட இடம் புரிந்தது. வரைபடக் கோப்பு வேறு, வழித் தரவு வேறு. வரைபடம் நாம் பார்ப்பதற்கு. எந்தப் பாதை எதோடு சேருகிறது என்று கணக்குப் போட பிரௌட்டர் என்ற நிரலுக்குத் தனித் தரவு வேண்டும். முன்பு பிரௌட்டரைத் தனிச் செயலியாக நிறுவ வேண்டியிருந்தது. இப்போது அது சி:ஜியோவுக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் தரவை நாம்தான் இறக்க வேண்டும். அந்தத் தரவு நாடு வாரியாக இல்லை. உலகத்தை 5 பாகைக்கு 5 பாகை சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தென்மேற்கு மூலையை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். எனக்கு வேண்டியது ஈ10_என்50, அதாவது கிழக்கு 10 பாகை, வடக்கு 50 பாகையில் தொடங்கும் சதுரம். ட்ரெஸ்டன், பெர்லின், பிராக் மூன்றும் அந்த ஒரே சதுரத்துக்குள் வந்துவிடுகின்றன.

தரவை இறக்கியதோடு விடாதீர்கள். வீட்டிலேயே போனை ஃப்ளைட் மோடில் போட்டு, பக்கத்துப் பூங்காவில் உள்ள ஏதாவது ஒரு கேஷை இலக்காக வைத்து, வழி வகையில் நடையைத் தேர்ந்தெடுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை, அதனால் ஃப்ளைட் மோடிலும் உங்கள் இடம் தெரியும். கோடு தெருவோடு வளைந்து போனால் சரி. ஒரே நேர்க்கோடாக வீடுகளுக்கு மேலே போனால், தரவு இல்லை அல்லது வகை மாறியிருக்கிறது என்று அர்த்தம். இந்த ஐந்து நிமிடச் சோதனையை நான் செய்திருந்தால் அந்தத் தடத்தில் கால் வைத்திருக்க மாட்டேன்.

ஏப்ரலில் மறுபடி போனோம். இந்த முறை கோடு ஏணிப் படிகள் வரை சுற்றி வளைந்து சரியாகக் கூட்டிப் போனது. இருந்தாலும் குறி இல்லாத பாதை ஒன்று திரையில் தெரிந்தால் அதில் போவதில்லை. தன்னார்வலர்கள் வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் பாதை வரையப்பட்டிருப்பதும், அதில் நடக்க அனுமதி இருப்பதும் ஒன்றல்ல.

மறுமொழி 1

சதுரக் கணக்கு என்றதும் எனக்கு கோர்லிட்ஸ் ஞாபகம் வந்துவிட்டது. கிழக்கு 15 பாகைக் கோடு அந்த ஊருக்குள்ளேயே போகிறது, அதற்கு ஒரு நினைவுக்கல் கூட இருக்கிறது. ஊரைச் சுற்றி நாலு கேஷ் எடுக்கும் வரை வழி அருமையாக வந்தது. நைசே ஆற்றுக்கு அப்பால் போலந்து பக்கம், ஸ்கோர்செலெட்ஸில் ஒரு கேஷை இலக்காக வைத்தேன். கோடு சட்டென்று நேராகி ஆற்றின் குறுக்கே பாலமே இல்லாத இடத்தில் பாய்ந்தது. அரை மணி நேரம் அமைப்புகளைக் குடைந்தேன். கடைசியில் பார்த்தால், அந்தக் கரைக்கு ஈ15_என்50 வேண்டும், என்னிடம் ஈ10 மட்டும்தான் இருந்தது. நாட்டு எல்லை ஒரு பொருட்டே இல்லை. 15 பாகைதான் பிரச்சினை.

வரைபடக் கோப்பு அப்படியே நேர்மாறு. அதை மாநிலம், நாடு என்று வெட்டியிருப்பார்கள். ஷ்மில்காவிலிருந்து எல்லை தாண்டி செக் நாட்டின் ஹ்ரென்ஸ்கோவுக்கு நடந்தபோது வழிக்கோடு தொடர்ந்து வந்தது, அடியில் இருந்த வரைபடம் வெறும் வெள்ளை. எல்லையோரம் போகிறவர்கள் இரண்டு பக்கத்து வரைபடத்தையும் இறக்கிவிடுங்கள், சதுரத்தின் ஓரத்தில் இருக்கிறோமா என்றும் பாருங்கள்.

மறுமொழி 2

ஐபோன்காரர்களுக்கு சி:ஜியோ கிடையாது. நான் ஆர்கானிக் மேப்ஸ் என்ற வரைபடச் செயலியில் அந்தப் பகுதியை இறக்கி, கேஷ் ஆயத்தொலைவுகளை ஒவ்வொன்றாகப் புக்மார்க் செய்துகொண்டு போகிறேன். நடைவழியை அது இணையம் இல்லாமலே போட்டுக் கொடுக்கும். கேஷ் விவரத்தையும் குறிப்பையும் மட்டும் கிளம்பும் முன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுவேன். நேற்றிரவுதான் ஃப்ளைட் மோடில் போட்டுப் பார்த்தேன், ஆறில் ஒரு புக்மார்க் இரண்டு தெரு தள்ளி விழுந்திருந்தது. ஒரு எண்ணை மாற்றி அடித்திருக்கிறேன்.