அட்மின் பாஸ்வேர்ட் பெட்டி வந்தவுடன் ரிமோட் திரை உறைந்து போகுது

கேபிள்பெட்டி:
கொள்ளுப்பிட்டியில் ஒரு கணக்காளர் கந்தோர். எட்டு மெஷின், எல்லாம் விண்டோஸ் 11 ப்ரோ, எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் இல்லை. ஊழியர்களுக்கு அட்மின் உரிமை இல்லாத ஸ்டாண்டர்ட் கணக்குத்தான். தூரத்திலிருந்து மெஷினை இயக்க உதவும் எனிடெஸ்க்கை இன்ஸ்டோல் பண்ணாமல் டவுன்லோட் ஃபைலை அப்படியே திறக்கிறார்கள். பிரிண்டர் டிரைவர் போடப் போனால் பாஸ்வேர்ட் கேட்கும் பெட்டி அங்கே தெரியுது, என் பக்கம் படம் அசையாமல் நிற்குது. பாஸ்வேர்டை ஃபோனில் சொல்ல விருப்பமில்லை. இந்தப் பெட்டியைக் காட்டும் யூஏசியை (யூசர் அக்கவுண்ட் கொன்ட்ரோல்) அடியோடு நிறுத்தினால் சரிவருமா அண்ணாமார்?

நீலத்திரை:
நிறுத்தாதேங்கோ. ஸ்டாண்டர்ட் கணக்கு அதால் அட்மின் ஆகிவிடாது, பாதுகாப்புத்தான் போகும்.

அந்தப் பெட்டி வழமையான டெஸ்க்டொப்பில் வருவதில்லை. செக்யூர் டெஸ்க்டொப் என்ற தனித் திரையில் வருது. ஊழியரின் உரிமையில் ஓடும் எனிடெஸ்க்குக்கு அங்கே எட்டிப் பார்க்க ஏலாது.

இணைந்தவுடன், டிரைவர் ஃபைலைத் தொட முதல், எனிடெஸ்க்கின் ஆக்‌ஷன்ஸ் மெனுவில் ‘ரிக்வெஸ்ட் எலிவேஷன்’ (அட்மின் உரிமை கேட்பது) கொடுங்கோ. இரண்டு வழி காட்டும்: அங்கே இருப்பவர் ஒப்புதல் கொடுப்பது, அல்லது அட்மின் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் நீங்கள் இங்கிருந்து அனுப்புவது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. ஊழியர் கண்ணில் பாஸ்வேர்ட் படாது. பெட்டி ஏற்கெனவே திறந்து கிடந்தால் முதலில் ‘நோ’ அழுத்தச் சொல்லுங்கோ.

புறக்கோட்டையான்:
இவ்வளவு ஏன்? யூசர் அக்கவுண்ட் கொன்ட்ரோல் ஸ்லைடரை மேலிருந்து மூன்றாம் படிக்கு இறக்கினால் திரை மங்காது, பெட்டி உங்களுக்கும் தெரியும்.

நீலத்திரை:
தெரியும், ஆனால் அழுத்த ஏலாது. கூடிய உரிமையில் ஓடும் ஜன்னலுக்குக் குறைந்த உரிமையுள்ள புரோகிராம் அனுப்பும் கிளிக்கையும் எழுத்தையும் விண்டோஸ் தடுக்கும். மவுஸ் அம்பு பெட்டிக்கு மேலே ஓடும், ‘யெஸ்’ மட்டும் அசையாது. அட்மினாகத் திறந்த டாஸ்க் மேனேஜர் முன்னுக்கு நின்றாலும் இதே கதைதான், பலர் நெட் ஸ்லோ என்று நினைக்கிறார்கள்.

மாதத்தில் நாலைந்து தரம் போகவேண்டிய மெஷின் என்றால் எனிடெஸ்க்கை இன்ஸ்டோல் பண்ணிவிடுங்கோ. விண்டோஸின் உரிமையோடு பின்னணியில் சர்வீஸாக ஓடும், பெட்டி நேரடியாகவே தெரியும். ஒருக்கா காலி வீதி நெரிசலில் போய் எட்டையும் முடித்தால் சரி. ஆளில்லாமல் நுழையும் வசதியைத் திறந்தால் ஒவ்வொரு மெஷினுக்கும் வேறு நீளமான பாஸ்வேர்ட்.

கறுப்புஜன்னல்:
எலிவேஷன் கிடைத்த பிறகுதான் அடுத்த தலையிடி. டிரைவர் ஃபைல் நெட்வொர்க் ஃபோல்டரை மேப் பண்ணின இஸட் டிரைவில் இருந்தால் இன்ஸ்டோலருக்கு அது தெரியாது. மேப் பண்ணின டிரைவ் ஊழியரின் லொகினுக்குச் சொந்தம், இன்ஸ்டோலர் ஓடுவது அட்மின் லொகினில். முதலில் சி டிரைவில் ஒரு ஃபோல்டருக்குக் கொப்பி பண்ணுங்கோ.

‘இந்தப் பயனருக்கு மட்டும்’ என்று கேட்கும் சொஃப்ட்வேரில் அதைத் தெரிவு செய்தால் அட்மினின் ப்ரொஃபைலுக்குள் போய்விடும், ஊழியருக்கு ஐகனே வராது. ‘எல்லாப் பயனர்களுக்கும்’ கொடுங்கோ. டிஃபோல்ட் பிரிண்டரை மட்டும் ஊழியரின் பக்கத்திலேயே வையுங்கோ.

கேபிள்பெட்டி:
நன்றி. விண்டோஸின் சொந்த ரிமோட் உதவி புரோகிராமான குவிக் அசிஸ்ட்டில் இந்த எலிவேஷன் வசதி இருக்கா?

நீலத்திரை:
இல்லை. பெட்டி வந்தால் உங்களுக்குக் கறுப்புத் திரைதான், அங்கே இருப்பவரே பதில் கொடுக்கவேணும். ஸ்டாண்டர்ட் கணக்கென்றால் திரும்பவும் பாஸ்வேர்டை ஃபோனில் சொல்லும் நிலைமைதான்.