மறு: ரெக்கவரிக்கு "மீட்பு" ஒன்றே போதாதா?

அனைவருக்கும் வணக்கம்.

டேட்டாபேஸ் வேலையில் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை நான்கு நாளாக ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். "மீட்பு என்று நல்ல சொல் இருக்கும்போது எதற்கு இன்னொன்று?" என்று நேற்று ஒருவர் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வழிகாட்டிக் குறிப்பு எழுதி மாட்டிக்கொண்டவன் நான்.

எங்கள் டேட்டாபேஸ் குழுவுக்கு எழுதிய குறிப்பில் இப்படி ஒரு வரி இருந்தது: "மீட்பு முடிந்த பிறகே மீட்பைத் தொடங்கவும், மீட்பு தோற்றால் மீட்பு செய்யவும்." சிரிக்காதீர்கள், எழுதும்போது எனக்கு எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. முதல் மீட்பு, எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் விழுந்து எழும்போது, மாற்றங்களை வரிசையாக எழுதிவைத்த லாகைப் படித்துத் தன்னைச் சரிசெய்துகொள்வது. இரண்டாவது, பழைய முதன்மை சர்வரைப் புதிய முதன்மைக்குப் பின்னால் சேர்த்துவிடுவது. மூன்றாவது, பேக்கப்பிலிருந்து எடுத்துப் போடுவது.

ஒரு நள்ளிரவில் எழுதும் வேலையெல்லாம் நடக்கும் முதன்மை விழுந்தது, அதன் நகலோடு தயாராக நிற்கும் காத்திருப்பு சர்வர் பொறுப்பேற்றது. பணியில் இருந்த தம்பி குறிப்பைத் திறந்தார், "மீட்பு" கண்ணில் பட்டது, விழுந்த சர்வரின் டேட்டா டைரக்டரியை மொத்தமாக அழித்துவிட்டு பேக்கப்பை இறக்க ஆரம்பித்தார். அவர் மேல் தப்பே சொல்ல முடியாது. ஆனால் காத்திருப்பு சர்வருக்குப் போய்ச்சேராத சில பரிவர்த்தனைகள் அந்த டைரக்டரியில் மட்டும்தான் இருந்தன. பயனருக்கு "பதிவாகிவிட்டது" என்று பதில் போயிருந்த பரிவர்த்தனைகள். என்னென்ன என்று பார்க்கக்கூட வழியில்லாமல் போயே போச்சு.

சரி, சொல்லுக்கு வருகிறேன். மீள்வது தன்வினை, மீட்பது பிறவினை. காய்ச்சலில் படுத்தவன் மீள்கிறான். கிணற்றில் விழுந்தவனை மீட்கிறோம். நமக்கு வேண்டிய வேறுபாடு அப்படியே இதில் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் டேட்டா கோப்புக்குப் போவதற்கு முன்பே லாகில் ஏறிவிடுகிறது. விழுந்த சர்வர் எழும்போது, கடைசி செக்பாயிண்ட் (இதுவரையிலான மாற்றங்கள் டேட்டா கோப்புக்குப் போய்விட்டன என்ற குறி) காட்டும் இடத்திலிருந்து லாகை மறுபடி ஓட்டித் தானே நிமிர்கிறது. நாம் கை வைக்கத் தேவையில்லை, வைக்கவும் கூடாது. இதை மீட்சி என்போம். பேக்கப்பை எடுத்து நாம் போடுவதற்கு மட்டும் மீட்பு இருக்கட்டும். (அந்த லாகை, "ரைட்-அஹெட் லாக்" என்ற ஆங்கிலப் பெயரைச் சுருக்கி எல்லோரும் "வால்" என்கிறோம். புதிதாக வருபவர்கள் எந்த மிருகத்தின் வால் என்று கேட்கிறார்கள். "முன்பதிவு லாக்" என்று சொல்லிப் பார்த்தேன், ரயில் டிக்கெட்தான் ஞாபகம் வருகிறது. அதற்குத் தனி இழை வேண்டும்.)

இரண்டாவது வேலைக்குத்தான் உண்மையில் சொல் இல்லை. அதைச் செய்யும் ரீவைண்ட் என்ற கருவி 9.5 பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸோடு சேர்ந்தே வருகிறது. இங்கே வந்த பரிந்துரை "பின்சுருட்டல்". எனக்கு ஒப்பவில்லை. கேசட்டைச் சுற்றிய தலைமுறைக்கு அது புரியும் என்பது ஒருபுறம், நடப்பதும் அது இல்லை. அந்தக் கருவி எதையும் பின்னோக்கி ஓட்டுவதில்லை.

நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். காத்திருப்பு சர்வர் பொறுப்பேற்றதும், லாக் எந்தக் கிளையில் போகிறது என்பதைக் காட்டும் டைம்லைன் எண் ஒன்று கூடுகிறது. லாக் கோப்புப் பெயரின் முதல் 8 இலக்கங்களில் இது தெரியும்: 00000001 என்று தொடங்கிய பெயர்கள் 00000002 ஆகின்றன. பழைய முதன்மையோ டைம்லைன் 1-லேயே இன்னும் கொஞ்சம் எழுதிவிட்டு விழுந்திருக்கிறது. ஒத்திசைவுப் படியாக்கம் (காத்திருப்பு சர்வரும் பெற்ற பிறகே பயனருக்குப் பதில் சொல்லும் முறை) போட்டிருந்தாலும் இது நடக்கலாம். தன் வட்டில் எழுதிய பிறகுதானே முதன்மை அடுத்த சர்வரின் பதிலுக்குக் காத்திருக்கிறது. இப்போது பழையதை அப்படியே காத்திருப்பாக எழுப்பினால் சர்வரின் செய்திப் பதிவில் ஒரு வரி வரும். தமிழில் சொன்னால்: "புதிய டைம்லைன் 2, இப்போது நிற்கும் இடத்துக்கு முன்பே டைம்லைன் 1-இலிருந்து கிளைத்துவிட்டது." கிளை என்ற சொல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, பார்த்தீர்களா?

ரீவைண்ட் செய்வது இதுதான்: இரண்டும் பிரிந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதன்பின் பழைய சர்வர் தொட்ட பக்கங்களை எல்லாம் புதிய முதன்மையிலிருந்து எடுத்து வந்து மேலே எழுதிவிடுகிறது. பிறகு சர்வரை எழுப்பும்போது புதிய முதன்மையின் லாக் ஓடி மிச்சத்தைச் சரிசெய்கிறது. அதாவது தப்பான திசையில் வளர்ந்ததை வெட்டிவிட்டு நடுமரத்தோடு விடுவது. மரத்தில் இதைச் செய்தால் கிளையைக் கழிப்பது என்போம். ஆகவே என் பரிந்துரை: கிளை கழித்தல்.

"கிளைக்கழிப்பு" என்று சுருக்கலாமே என்பீர்கள். வேண்டாம், கழிப்பறை வாசலில் போய் நிற்கும். "கவாத்து" இன்னும் அழகான சொல்தான், ஆனால் பாதிப் பேருக்கு அது அணிவகுப்புப் பயிற்சி. "கழித்தல்" என்பதில் கணக்கின் கழித்தலும் சேர்ந்தே ஒலிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. எதையோ இழக்கிறோம் என்ற எச்சரிக்கை சொல்லிலேயே இருக்கிறது. மோங்கோடிபி என்ற இன்னொரு டேட்டாபேஸ் இப்படி வெட்டும்போது வெட்டியதை ரோல்பேக் என்ற ஃபோல்டரில் எடுத்து வைக்கிறது. போஸ்ட்கிரெஸில் அந்த வசதி இல்லை, டைரக்டரியை நாம்தான் முதலில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் 13 முதல், சரியாக மூடாமல் விழுந்த சர்வர் என்றால் ரீவைண்ட் கருவியே முதலில் மீட்சியை ஓட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது. இப்போது என் குறிப்பின் வரி: "டைரக்டரியை நகலெடுக்கவும். மீட்சி முடிந்த பிறகே கிளை கழித்தலைத் தொடங்கவும். அது தோற்றால் மீட்பு செய்யவும்." அந்தத் தம்பியிடமே காட்டினேன். "இதை அன்னைக்கே எழுதியிருக்கலாமே அண்ணே" என்றார்.

மற்றவை சுருக்கமாக. முதன்மை விழுந்ததும் காத்திருப்பு அதன் இடத்துக்கு வரும் ஃபெயிலோவருக்குத் "தோல்வி மாற்றம்" வேண்டவே வேண்டாம், "பொறுப்பேற்பு" போதும். முதன்மையின் நகலை வைத்திருக்கும் ரெப்ளிகாவுக்குப் "படி". அதை "அடிமை" என்று இன்னும் எழுதுபவர்கள் நிறுத்திவிடலாம், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸே 2020-இல், 8.0.22 பதிப்பில், கட்டளைகளை மாற்றத் தொடங்கிவிட்டது. இரண்டு சர்வர்களும் நான்தான் முதன்மை என்று ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டிருக்கும் நிலைக்கு "இருதலை". நடுவில் மாட்டிக்கொண்ட எறும்பு யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஃபென்சிங்தான் பாக்கி. "வேலியிடல்" என்று நம் சொற்பட்டியலில் பார்த்தேன். வேலி வெளியே இருப்பது உள்ளே வராமல் தடுக்கும். இங்கே பழைய முதன்மை எழுந்து மறுபடி எழுதிவிடாமல் தடுக்க வேண்டும். எங்கள் குழுவில் வாய்வழக்காக "பழசைக் கட்டிப்போட்டாச்சா?" என்றுதான் கேட்போம். "கட்டிப்போடுதல்" என்று ஏற்றினால் யாராவது சண்டைக்கு வருவீர்களா?